புண் காய வேண்டுமா, ஈரமாக இருக்க வேண்டுமா?

அலோர் ஸ்டார் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் ரப்பர்ப் பால் உறைவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் பலர். பாலில் பார்மிக் ஆசிட் கலந்தால் கட்டியாகும். மெஷினில் கொடுத்து உருட்டினால் தண்ணீர் வடிந்து ஷீட்டாகும். தீபாவளிக்குக் கிண்டும் அகர் அகரும் உறைவதுதான். ஆனால், கத்தியால் நறுக்கினாலும் அதிலிருந்து தண்ணீர் ஓடுவதில்லை. கடற்பாசியில் உள்ள நீண்ட சர்க்கரைத் தொடர்கள் வலைபோல் பின்னிக்கொண்டு நீரைப் பிடித்து வைக்கின்றன. இப்படிப்பட்ட பொருளே ஹைட்ரோஜெல்.

இனிப்புநீர் உள்ளவர்களின் கால் புண்ணுக்கு இது உதவுகிறது. மலேசியாவில் 2019இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. இந்தியர்களிடையேதான் விகிதம் அதிகம். நோய் முற்றினால் பாத நரம்புகள் மரத்துப் போகும். ஆணி குத்தினாலும் தெரியாது. தெரிந்த பிறகும் காப்பித்தூளை அப்பிக்கொண்டு, "காத்துப் பட்டால் காய்ந்துவிடும்" என்று திறந்து போடுகிறவர்கள் உண்டு. அப்படிக் கழியும் நாள்களில்தான் கால் கையை விட்டுப் போகிறது.

காய வைப்பது நல்லது என்ற எண்ணத்தை 1962இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் அசைத்தார். பன்றிகளின் தோலில் ஏற்படுத்திய காயங்களில், மெல்லிய படலத்தால் மூடி ஈரமாக வைத்தவற்றில் புதுத்தோல் ஏறக்குறைய இருமடங்கு வேகமாகப் படர்ந்தது. தோல் செல்கள் ஈரத்தில் எளிதாக நகரும். காய்ந்த பொருக்கு அவற்றுக்குத் தடை.

வறண்ட புண்ணுக்கு ஜெல் ஈரம் கொடுக்கிறது. நீர் வடியும் புண்ணுக்கு வேறு வகை. பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் என்ற பொருளைக் கால்சியத்தோடு சேர்த்துத் துணிபோல் செய்வார்கள். அது புண்ணின் நீரை உறிஞ்சித் தானே ஜெல்லாகிவிடும். "சர்க்கரைப் புண்ணில் சர்க்கரையா?" என்று பயப்பட வேண்டாம். ஆல்ஜினேட் உடைந்து குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் ஏறுவதில்லை.

பாங்கியிலுள்ள மலேசிய அணுசக்தி நிறுவனம் சவ்வரிசி மாவைச் செயற்கைப் பாலிமரோடு கலந்து, எலக்ட்ரான் கதிர் பாய்ச்சிப் புண்ணுக்கான ஜெல்லை உருவாக்கியது. சேலத்துச் சவ்வரிசி மரவள்ளிக் கிழங்கிலிருந்து வருவது. இது சரவாக்கில் விளையும் சாகோ பனை மாவு. அந்தக் கதிர் வலையைப் பின்னுகிறது, கிருமியையும் கொல்கிறது. ஜெல்லில் கதிர்வீச்சு தங்குவதில்லை.

அதற்காகச் சமையலறை அகர் அகரைப் புண்ணில் வைத்துவிடக் கூடாது. அது கிருமிக்கு விருந்தாகிவிடும். மருந்தக ஜெல்லும் எல்லாப் புண்ணுக்கும் ஆகாது. இரத்த ஓட்டம் நின்று கறுத்துக் காய்ந்த விரலை ஈரப்படுத்தினால் அழுகல் பரவலாம். எதை வைப்பது என்பதை கிளினிக் கெசிஹாத்தானில் புண்ணைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். சீழ் வைத்தாலோ, பாதம் சிவந்து வீங்கினாலோ அன்றே போக வேண்டும். இரத்தச் சர்க்கரை குறையாமல் எந்த ஜெல்லும் தனியாக வேலை செய்யாது.

இந்த வலை தண்ணீரைச் சுத்தம் செய்யவும் பயன்படுகிறது. ஊரில் கலங்கிய கிணற்று நீருக்குப் பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையைத் தேய்ப்பார்கள். அக்கொட்டையிலும் இதே இனத்துச் சர்க்கரைத் தொடர்கள் உண்டு. கோலக்கெடா போன்ற மீன்பிடி ஊர்களில் வீணாகும் இறால் ஓட்டைக் காரத்தில் வேகவைத்தால் கைட்டோசான் கிடைக்கும். அதை ஜெல் மணிகளாக்கி நீரில் போட்டால் செம்பு, ஈயம், சாயம் ஆகியவற்றைப் பிடித்துக்கொள்ளும். சிக்கல் அதற்குப் பிறகுதான். பிடித்த உலோகத்தை ஆசிட் ஊற்றிக் கழுவ வேண்டும். ஆனால், வெறும் கைட்டோசான் ஆசிட்டிலேயே கரைந்துவிடும். அதனால் வலையை இன்னும் இறுக்கிப் பின்ன வேண்டியிருக்கிறது. அதற்குச் செலவு கூடுகிறது. உலோகம் ஏறிய மணிகளைக் குப்பையில் கொட்டினால், மழையில் அது மறுபடியும் ஆற்றுக்கே போய்ச் சேரும்.