படத்தின் பின்பக்கம் பெயர் எழுதுங்கள்
(பொன்விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நான் மேடைப் பேச்சாளன் அல்லன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் பட்டயப் படிப்பை முடித்துவிட்டு, வாப்பாவின் ஜவுளிக் கடையைப் பார்த்து வருகிறேன். சென்ற ஆண்டுப் பள்ளி விடுமுறையில் நம் பிள்ளைகளோடு போன மரபுடைமை நடையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

சவுத் பிரிட்ஜ் ரோட்டில், 1826ல் சூலியா முஸ்லிம்கள் நிறுவிய ஜாமிஆ பள்ளிவாசலில் தொடங்கினோம். அங்கிருந்து தெலுக் ஆயர் ஸ்திரீட். ஒரு காலத்தில் அந்தத் தெரு ஓரம்தான் கடற்கரை என்றதும் பிள்ளைகள் நம்பவில்லை. 1827ல் ஓலைக் குடிசையாகத் தொடங்கியதால் 'குச்சுப் பள்ளி' என்று பெயர் பெற்ற அல் அப்ரார் பள்ளிவாசலையும், 1828க்கும் 1830க்கும் இடையில் எழுந்த நாகூர் தர்காவையும் காட்டினேன். மூன்றும் 1974ல் தேசிய நினைவுச்சின்னங்கள் ஆனவை.

அப்போது ஒரு சிறுமி கேட்டாள்: "மாமா, உங்க பாட்டனார் இங்கே எங்கே தங்கியிருந்தாங்க?"

ஆண்டுகளை மனப்பாடமாகச் சொன்ன எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை.

அன்றிரவு வாப்பாவின் அலமாரியைத் திறந்தேன். ஒரு பழைய படம். கடை வாசலில் பதினொரு பேர் நிற்கிறார்கள். ஒருவர் என் பாட்டனார். மற்றவர்கள்? பின்பக்கம் ஒன்றும் எழுதவில்லை. ஒவ்வொரு பெருநாளிலும் வாப்பா அந்தப் படத்தை எடுத்து, "இவர் யார் தெரியுமா?" என்று ஆரம்பிப்பார். நான் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவேன். வாப்பா மவுத்தாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன.

நம் சங்கத்துப் பெரியவர் ஒருவரிடம் படத்தைக் கொண்டுபோனேன். மூன்று பேரைத் தொட்டுக் காட்டிப் பெயர் சொன்னார். "இவர்தான் எங்களுக்கெல்லாம் ஆக்கிப் போட்டவர். இவர் மீன் ஆணத்துக்காகவே அந்தக் கடைக்குப் போவேன்" என்று சிரித்தார். இரண்டு மாதங்களில் அவரும் மவுத்தாகிவிட்டார்.

பள்ளிவாசல்களின் கட்டடங்களைக் காக்கச் சட்டம் இருக்கிறது. அங்கே தொழுதவர்களின் பெயரைக் காக்க நாம்தான் இருக்கிறோம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அஸருக்குப் பிறகு, சங்கத்தில் கூடுவோம். வீட்டிலுள்ள பழைய படம், கடவுச்சீட்டு, கடைப் பற்றுச்சீட்டு, ஊரிலிருந்து வந்த கடிதம், ரஜூலா கப்பலில் வந்த தகரப்பெட்டி என எதுவானாலும் கொண்டுவாருங்கள். இளையர்கள் அங்கேயே நகலெடுத்து, பொருளை அன்றே உங்கள் கையில் கொடுத்துவிடுவார்கள். பெரியவர்கள் சொல்வதைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்வார்கள். வீட்டார் சம்மதமில்லாமல் எதுவும் வெளியே போகாது.

தாய்மார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. என்னிடமுள்ள படத்தில் பெண்கள் ஒருவர்கூட இல்லை. கணவர் இங்கே இருக்க, ஊரில் குடும்பத்தைக் கட்டிக் காத்தவர்களின் கதை உங்களிடம்தான் இருக்கிறது. அதையும் சொல்லுங்கள்.

அதுவரை, இன்றிரவே வீட்டுப் படங்களின் பின்பக்கம் பெயர்களை எழுதிவிடுங்கள். மை ஊறிவிடும்; பென்சிலால் மெதுவாக எழுதுங்கள்.

என் பாட்டனாரின் படத்தை வாசல் மேசையில் வைத்திருக்கிறேன். இன்னும் ஏழு பேருக்குப் பெயர் இல்லை. போகும்போது ஒருமுறை பாருங்கள். அவர்களில் ஒருவர் உங்கள் பாட்டனாராகவும் இருக்கலாம்.

வஸ்ஸலாம்.