இரங்கற்பாவும் குற்றச்சாட்டும்: ‘த ஃபைனல் கட்’ இசைத்தொகுப்பு – ஒரு மறுமதிப்பீடு

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழ் விரிவுரையாளர் ஒருத்தி, பத்தாம் ஆண்டு விழா மேடையில், ஆங்கில ராக் இசைக்குழு ஒன்றின் பாடல் தொகுப்பைப் பேசுபொருளாக எடுத்துக்கொண்டது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் நான் எழுப்ப விரும்பும் வினா நமக்குப் புதியதன்று. புகழ்பெற்ற படைப்பாளி தன் பிற்காலத்தில், நாம் எதிர்பார்த்ததைத் தராமல் வேறொன்றைத் தரும்போது, அதை எந்த அளவுகோலால் அளப்பது? இந்த வினாவுக்கு விடை தேட, நம் சொந்த விருப்பு வெறுப்புகள் அதிகம் புகாத ஓர் எடுத்துக்காட்டு உதவும் என்று கருதினேன்.

பிங்க் ஃப்ளாய்ட் 1965இல் லண்டனில் உருவான குழு. 1973இல் வெளிவந்த ‘த டார்க் சைட் ஆஃப் த மூன்’ அதனை உலகப் புகழுக்கு உயர்த்தியது. 1979இல் வெளிவந்த ‘த வால்’ அமெரிக்கப் பட்டியலில் பதினைந்து வாரங்கள் முதலிடத்தில் நின்றது. அதன்பின், 1983 மார்ச்சில் வந்ததே ‘த ஃபைனல் கட்’. பிரித்தானியாவில் இதுவும் முதலிடத்தை எட்டியது. ஆனால் வரவேற்பு இரண்டாகப் பிளந்தது. அமெரிக்காவின் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் ஐந்து விண்மீன்கள் அளித்துப் போற்றியது. இங்கிலாந்தின் ‘மெலடி மேக்கர்’ இதழோ கடுமையாகத் தாக்கியது. நாற்பது ஆண்டுகள் கடந்தும் அந்தப் பிளவு மறையவில்லை.

தொகுப்பின் பின்புலத்தைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். குழுவின் பாடலாசிரியரான ரோஜர் வாட்டர்ஸ் 1943 செப்டம்பரில் பிறந்தவர். அவருடைய தந்தை எரிக் ஃப்ளெட்சர் வாட்டர்ஸ் ஒரு பள்ளி ஆசிரியர். போரில் ஆயுதம் ஏந்த மனச்சான்று இடந்தராமையால் முதலில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். பின்னர் மனம் மாறிப் படையில் சேர்ந்தார். 1944 பிப்ரவரி 18 அன்று, இத்தாலியின் அன்சியோ போர்முனையில் வீழ்ந்தார். அப்போது மகனுக்கு ஐந்து மாதம். தந்தையின் முகத்தை நினைவில் வைத்திருக்கவும் வாய்ப்பில்லாத பிள்ளை அவர்.

1982 ஏப்ரலில் அர்ஜென்டினா ஃபாக்லாந்துத் தீவுகளைக் கைப்பற்ற, பிரித்தானியக் கப்பற்படை புறப்பட்டது. எழுபத்து நான்கு நாட்கள் நீடித்த அப்போரில் அர்ஜென்டினா வீரர் 649 பேரும் பிரித்தானிய வீரர் 255 பேரும் மாண்டனர். மே 2 அன்று மூழ்கடிக்கப்பட்ட ‘ஜெனரல் பெல்கிரானோ’ என்ற ஒரே கப்பலில் மட்டும் 323 உயிர்கள் போயின. என் தந்தை இதற்காகவா உயிர் கொடுத்தார் என்ற கேள்வி வாட்டர்ஸுக்கு எழுந்தது. அதுவரை ‘த வால்’ திரைப்படத்தின் துணைத் தொகுப்பாகத் திட்டமிடப்பட்டிருந்த பணி, போருக்குப் பிந்தைய கனவுக்கான இரங்கற்பாவாக மாறியது. தொகுப்பு தந்தைக்கே காணிக்கையாக்கப்பட்டது.

இத்தொகுப்பின்மீது பொதுவாகச் சுமத்தப்படும் குற்றச்சாட்டுகள் மூன்று.

முதலாவது, இது மிச்சங்களின் தொகுப்பு என்பது. சில பாடல்கள் ‘த வால்’ தொகுப்பிற்காக எழுதப்பட்டு அங்கு இடம்பெறாதவை என்பது உண்மையே. அப்போது போதாதவை இப்போது மட்டும் எப்படிப் போதும் என்று கிட்டார் கலைஞர் டேவிட் கில்மர் வாதிட்டார். நியாயமான வாதம்தான். ஆனால் ஒதுக்கப்பட்ட செய்யுள், வேறொரு சூழலில் தன் இடத்தைக் கண்டடைவதை நாம் அறிவோம். ‘த வால்’ தொகுப்பில் மாணவரை வதைக்கும் ஆசிரியரைக் கேலிச்சித்திரமாகக் கண்டோம். அவரே இங்கு, விமானப் போரிலிருந்து திரும்பி, இறந்த தோழனின் குரலை மறக்க இயலாமல், மனைவி உறங்கிய பின்னரே வாய் திறக்கும் மனிதராகிறார். கொடுமைக்குப் பின்னிருந்த காயம் இப்போதுதான் நமக்குத் தெரிகிறது. இதனை மிச்சம் என்று எப்படித் தள்ளுவது?

இரண்டாவது, இது குழுவின் படைப்பன்று, ஒருவரின் தனிக்குரல் என்பது. இதனை மறுக்க இயலாது. அத்தனை பாடல்களையும் வாட்டர்ஸே எழுதினார். விசைப்பலகைக் கலைஞர் ரிச்சர்ட் ரைட் அதற்கு முன்பே விலக்கப்பட்டிருந்தார். கில்மர் முதன்மைக் குரலில் பங்கேற்றது ஒரே ஒரு பாடலில். இறுதிப் பாடலில் நிக் மேசனின் இடத்தில் வேறொரு கலைஞர் தோல்கருவி வாசித்தார். தொகுப்பின் உறையிலேயே, எழுதியவர் வாட்டர்ஸ், நிகழ்த்தியது பிங்க் ஃப்ளாய்ட் என்ற பொருளில்தான் அச்சிடப்பட்டது. 1985இல் வாட்டர்ஸ் குழுவை விட்டு விலகினார். இந்தத் தொகுப்பிற்குத் தரப்பட்ட விலை ஒரு நட்பு. அவ்விலையைக் கணக்கில் கொள்ளாத மதிப்பீடு நேர்மையானதாகாது. எனினும் இரங்கல் என்பது இயல்பிலேயே ஒருவரின் குரல். கில்மரின் கிட்டார் சில பாடல்களில் எழும்போது, சொல் நின்ற இடத்திலிருந்து துயரம் தொடர்கிறது. விரும்பாமல் வாசித்த கையிலும் அந்தத் துயரம் ஏறியிருக்கிறது.

மூன்றாவது குற்றச்சாட்டே கடுமையானது: இது பாட்டு அன்று, முறையீடு என்பது. இதற்கு விடை காண, நமக்குப் பழக்கமான இரண்டு பாடல்களின் அருகில் இத்தொகுப்பை வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

புறநானூற்றின் 112ஆம் பாடல் பாரி மகளிருடையது, துறை கையறுநிலை. ஐந்தே அடிகள். அந்த மாதத்து நிலவையும் இந்த மாதத்து நிலவையும் எதிரெதிரே நிறுத்தி, இடையில் இழந்த தந்தையையும் குன்றையும் சொல்லி முடிந்துவிடுகிறது. வென்றவர்களின் பெயர் இல்லை. அவர்களைக் குறிக்கும் அடைமொழியை ஏளனமாகவும் படிக்கலாம். ஆனால் வசை இல்லை. வாட்டர்ஸ் இதற்கு நேர்மாறானவர். தாட்சர், கால்டியேரி, பிரெஷ்னேவ், பெகின், ரீகன் என்று ஆட்சியாளர்களைச் சுட்டிக்காட்டிப் பாடுகிறார். அடக்கத்தையே அழகாகக் கருதும் நம் பயிற்சிக்கு இது உறுத்துகிறது. ஆனால் பாரி மகளிர் தந்தையை அறிந்தவர்கள். அவர்களுக்கு இழந்த நிலவு ஒன்று இருந்தது. வாட்டர்ஸுக்குத் தந்தையோடு பார்த்த நிலவு என ஒன்றில்லை. நினைவு இல்லாத இடத்தில் குற்றச்சாட்டு வந்து அமர்கிறது. இவருடைய சீற்றத்தைக் கலைக் குறை என்று மட்டும் கண்டதே நம் பிழை என்று எண்ணுகிறேன்.

இன்னொன்று, ஒக்கூர் மாசாத்தியாரின் 279ஆம் பாடல். அடுத்தடுத்து நடந்த போர்களில் தன் வீட்டு ஆடவரைப் பறிகொடுத்த பெண், ஒரே மகனின் கையில் வேல் கொடுத்துக் களத்துக்கு அனுப்புகிறாள். துறை மூதின்முல்லை. ‘சௌதாம்ப்டன் டாக்’ என்ற பாடலிலும் ஒரு பெண் நிற்கிறாள். 1945இல் திரும்பியவர்களின் வரிசையில் இருந்த வெற்றிடங்களைக் காட்டும் பாடல், பிறகு துறைமுகத்தில் கைக்குட்டையோடு நின்று மீண்டும் இளைஞர்களை வழியனுப்பும் அவளைக் காட்டுகிறது. அவள் தாயா, மனைவியா, நாட்டின் தலைவியேயா என்று பாடல் விளக்கவில்லை. மாசாத்தியார் கண்டது மறம். வாட்டர்ஸ் கண்டது மீண்டும் நிகழும் கொடுமை. இவ்விரு பெண்களையும் அருகருகே நிறுத்திய பின், என் வகுப்பில் 279ஆம் பாடலை முன்போல் பெருமிதத்தோடு மட்டும் என்னால் நடத்த இயலவில்லை.

இத்தனைக்கும் பின், தொகுப்பு குறையற்றது என்று நான் வாதிட வரவில்லை. தந்தையின் பெயரையே தாங்கிய ‘த ஃப்ளெட்சர் மெமோரியல் ஹோம்’ பாடல், கொடுங்கோலர்களை ஒரு முதியோர் இல்லத்தில் அடைத்து, கடைசியில் அவர்களுக்குக் கொடிய முடிவொன்றைக் கற்பனை செய்கிறது. கொலையை வெறுத்துத் தொடங்கியவர் கொலைக் கனவில் முடிக்கிறார். கேலி என்று சமாதானம் சொல்லலாம். என் காதுக்கு அது போதவில்லை. ஆனால் அதே தொகுப்பில்தான் ‘த கன்னர்ஸ் டிரீம்’ இருக்கிறது. விமானத்திலிருந்து வீழ்ந்து இறக்கப்போகும் வீரன், முதியவர்கள் அச்சமின்றித் தெருவில் நடக்கும், சட்டம் எல்லோருக்கும் காவலாக நிற்கும், குழந்தைகள் கொல்லப்படாத ஒரு நாட்டைக் கனவு காண்கிறான். குரல் உடைந்து அலறலாகி, அந்த அலறலின் சுருதியிலேயே சாக்சஃபோன் தொடங்குகிறது. பழிவாங்கும் மகனையும் கனவை ஒப்படைக்கும் வீரனையும் ஒரே மனத்தில் கண்ட பிறகு, நான் எதனை வைத்து அந்த மனிதரைத் தீர்ப்பிடுவேன்?

2014 பிப்ரவரி 18 அன்று, தந்தை மறைந்து சரியாக எழுபது ஆண்டுகள் நிறைந்த நாளில், இத்தாலியின் அப்ரிலியா நகரில் எரிக் ஃப்ளெட்சர் வாட்டர்ஸுக்கு நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. வயதான மகன் நேரில் சென்றிருந்தார். தந்தை வீழ்ந்த இடம் எதுவென, முன்னாள் படைவீரர் ஒருவரின் முயற்சியால் அப்போதுதான் தெளிவாகியிருந்தது. 1983இன் சீற்றம், நிற்பதற்கு ஓர் இடம் இல்லாதவரின் சீற்றம் என்பதை அச்செய்தியைப் படித்தபோதுதான் உணர்ந்தேன். கல்லூரி விடுதியில் தோழியிடம் ஒலிநாடாவாக வாங்கிக் கேட்டு, ‘ஒரே புலம்பல்’ என்று மறுநாளே திருப்பிக் கொடுத்தவள் நான்.

ஒலிநாடாவை அப்படித் திருப்பிக் கொடுத்ததால் யாருக்கும் கேடில்லை. ஆனால் அதே சொல்லை இந்த வட்டத்தில் நான் இன்னொரு முறையும் பயன்படுத்தியிருக்கிறேன். வட்டம் தொடங்கிய இரண்டாம் ஆண்டில், மூத்த கவிஞர் ஒருவர் மனைவியை இழந்த பின் எழுதிய தொகுப்பைத் திறனாய்வு செய்யும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. அவருடைய இளமைக்காலக் கவிதைகளின் செறிவை அளவுகோலாக வைத்துக்கொண்டு, ‘இவை கவிதையாகாத முறையீடுகள்’ என்று எழுதி வந்து படித்தேன். அரங்கில் கைதட்டினார்கள். அவர் எழுந்து எனக்கு நன்றி கூறினார். அதன்பின் எட்டாண்டுகளாகக் கூட்டத்துக்குத் தவறாமல் வருகிறார், கவிதை வாசிப்பதில்லை. அத்தொகுப்பில் குறைகள் உண்டு என்றே இன்றும் கருதுகிறேன். ஆனால் முறையீடு என்பதே கவிதைக்குப் புறம்பானது என்று நான் கூறியது தவறு. மருத்துவமனை வரிசையையும் மருந்துச் சீட்டின் விலையையும் அவர் பெயர் சொல்லி எழுதியபோது, அவர் தேடியது நிலவையன்று, பொறுப்பேற்க வேண்டியவர்களை. அன்று எனக்கு அது கேட்கவில்லை.

ஆகவே இந்த மேடையில் ஒரு வேண்டுகோளை முன்வைத்து முடிக்கிறேன். பதினோராம் ஆண்டின் முதல் கூட்டத்தில் அத்தொகுப்பை மீண்டும் எடுத்துக்கொள்வோம். இம்முறை திறனாய்வை முதலில் வைக்க வேண்டாம். கவிஞர் இசைந்தால், அவர் வாசிக்க நாம் முதலில் கேட்போம். என் பழைய கட்டுரையையும் கையோடு கொண்டு வருகிறேன். மறுக்க வேண்டியதை அவர் முன்னிலையிலேயே மறுக்கிறேன்.