கிளை வாய்க்கால்

கிள்ளையிலிருந்தும் பரங்கிப்பேட்டையிலிருந்தும் வலையைக் காயப் போட்டுவிட்டு வந்திருக்கும் சொந்தங்களே!

நம் சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் கொடுத்த மரத்தைப் பார்க்க வேண்டுமா? கிழக்கே போங்கள். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, பிச்சாவரம் கழியில், சுரபுன்னையோடும் கண்டலோடும் கலந்து நிற்கிறது. 'இதயக்கனி' படம் எடுத்த காடு என்று பெருமை பேசுகிறோம். 2022-ல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் ஏறிவிட்டது.

ஆனால் இந்தக் காட்டில் ஒரு பகுதி செத்துப் பிழைத்தது, தெரியுமா? வெள்ளைக்காரன் காலம் தொட்டு 1970-கள் வரை, கூறு கூறாகப் பிரித்து மொத்தமாக வெட்டினார்கள். வெயில் பட்ட சேறு வற்றித் தாழ்ந்தது. பள்ளத்தில் ஏறிய கடல்நீர் திரும்ப வழியில்லாமல் தேங்கி உப்பாய்ச் சமைந்தது. பழி யார்மேல் விழுந்தது? மாடு மேய்த்தவன் மேல், விறகு பொறுக்கியவள் மேல்!

1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து வாய்க்கால் வெட்டினார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இருபுறமும் கிளைகள். அச்சு அசல் மீன்முள்! ஓதம் ஏறி இறங்கியது, உப்பைக் கழுவிக்கொண்டு போனது, கன்று பிடித்தது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, காட்டின் மறைவில் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. இது கண்ணால் கண்ட கணக்கு.

இன்று அதே கழிக்கு வேறொரு ஓதம் வருகிறது: சுற்றுலாப் பணம். விடுமுறை நாளில் படகுத்துறையில் நிற்கும் வரிசையைப் பாருங்கள். வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பணம் பெரிய வாய்க்காலோடு நின்றுவிட்டால்? சேற்றில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் வீட்டுக்கு அது எப்போது பாயும்?

நான் கேட்பது மூன்றே மூன்று. காட்டைக் காட்டுகிற வேலை, காட்டை அறிந்த இருளர் பிள்ளைக்கும் மீனவர் பிள்ளைக்கும் நிலையான கூலியோடு கிடைக்கட்டும். இறால் பிடிக்கும் ஓடைகளில் மோட்டார் இரைச்சல் வேண்டாம், துடுப்புப் போதும். டிக்கெட் காசில் ஒரு பங்கை ஒதுக்கி, தூர்ந்துபோகும் வாய்க்கால்களை ஊரார் கையாலேயே ஆண்டுதோறும் தூர் வார வேண்டும்.

ஓதம் ஏறி இறங்க வழியில்லாதபோது காடு காய்ந்ததைப் பார்த்தோம். ஊரையும் அப்படிக் காயவிட வேண்டாம்.