கொடி மாறிற்று, இருக்கை மாறவில்லை



ஆட்சி என்பது மக்கள் ஒப்படைத்த அடைக்கலப் பொருள். அதனைத் தன்னலத்திற்கு விலையாக்குவோர் எக்கட்சியினராயினும் கண்டிக்கத்தக்கோரே.

அரியானா மாநிலத்தை நோக்குமின்! 1977-இல் அம்மக்கள் 90 சட்டமன்ற இடங்களுள் 75-ஐச் சனதாக் கட்சிக்கு அளித்தனர். 1979-இல் அக்கட்சியின் முதலமைச்சரானார் பசன்லால். 1980 சனவரியில் நடுவணரசு இந்திரா காந்தியின் கைக்கு மீண்டதும், தம் உறுப்பினருள் பெரும்பாலாரை உடனழைத்துக்கொண்டு பேராயக் கட்சிக்குள் புகுந்தார். கொடி மாறிற்று, கட்சி மாறிற்று, முதலமைச்சர் இருக்கை மட்டும் மாறவில்லை! வாக்களித்த மக்களிடம் மீண்டும் சென்று ஒப்புதல் கேட்டாரா? இல்லை.

1985-இல் கட்சித்தாவல் தடைச்சட்டம் வந்தது. அதுவும், மூன்றிலொரு பங்கினர் கூடிப் பிரிந்தால் குற்றமன்று என்றது. அவ்வாயில் 2003-இல்தான் அடைபட்டது.

சட்டம் வேலியே, காவல் மக்கள் விழிப்பே. கட்சி மாறுவோர் பதவி துறந்து மக்கள்முன் மீண்டும் நிற்கட்டும். அதுவே அறம்!