விருந்தினர்க்குத் தலைநகரைக் காட்டுதல்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஐப்பசி பிறந்துவிட்டால் தில்லித் தமிழர் இல்லங்களில் விருந்தினர் வருகை தொடங்கிவிடும். ஊரிலிருந்து சுற்றத்தார் வருவர். அலுவல் தொடர்பால் அயல்நாட்டாரும் வருவர். அவர்களுக்கு நாம் செய்வது யாது? காலையில் காரில் ஏற்றுகின்றோம். குதுப்மினார், செங்கோட்டை, இந்தியா கேட், தாமரைக் கோயில் ஆகியவற்றை ஒரே பகலில் சுற்றி முடித்து, மாலையில் சரோஜினி நகர்க் கடைவீதியில் கொண்டுபோய் நிறுத்துகின்றோம். வந்தவர் மிகுதியாகக் கண்டது வாகன நெரிசலையே. இதனை விருந்தோம்பல் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

இந்நகரைக் காலால் நடந்து காணுதல் வேண்டும். பின்னர் நிழலில் நின்று கலைக்கூடங்களைக் காணுதல் வேண்டும். கார்த்திகை, மார்கழியில் புகைமூட்டம் மிகுதலின், முதியோரை வெளியில் நடத்திச் செல்லாதிருப்பதே நன்று. மாசியும் பங்குனியுமே உகந்த காலம். அப்போது இலவமரங்கள் இலையுதிர்த்துச் செம்பூக்களைச் சொரிந்து நிற்கும்.

லோதி தோட்டத்தில் தொடங்கலாம். சையது, லோதி மரபினரின் பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுக் கல்லறை மாடங்கள் அங்குள்ளன. கைர்பூர் என்னும் சிற்றூரை அப்புறப்படுத்தி 1936-இல் அத்தோட்டம் அமைக்கப்பட்டது என்பதையும் விருந்தினர்க்குச் சொல்லவேண்டும். அழகுக்குப் பின்னே யாரோ ஒருவர் வீடிழந்த செய்தி மறைந்துவிடலாகாது. நம்மவர் பலர் ஒருகாலத்தில் குடியிருந்த லோதி காலனியும் அருகிலேயே உள்ளது. அங்குள்ள அரசாங்கக் குடியிருப்புச் சுவர்களில் ஏறத்தாழப் பத்தாண்டுகளாக உள்நாட்டு, வெளிநாட்டு ஓவியர்கள் பேரோவியங்கள் தீட்டியுள்ளனர். கட்டணமில்லை, கதவுமில்லை.

சித்திரை, வைகாசி வெயிலில் வந்தவர்க்கும் ஒரு காட்சி உண்டு. தோட்டத்தை அடுத்துள்ள அம்ரிதா ஷெர்கில் சாலையில் கொன்றை பூத்துக் குலுங்கும். சிவபெருமான் சூடும் மலர் என்று நாம் பாடிக் கேட்ட அதே கொன்றை. இங்கே அமல்தாஸ் என்பர். சாலைக்குப் பெயர் தந்த ஓவியர் 1913-இல் புடாபெஸ்டில் பிறந்து, 1941-இல் தம் இருபத்தெட்டாம் வயதில் லாகூரில் மறைந்தார். தென்னாட்டுப் பயணத்திற்குப் பின் 1937-இல் அவர் தீட்டிய 'பிரம்மச்சாரிகள்' ஓவியம், இந்தியா கேட் அருகே ஜெய்ப்பூர் மாளிகையிலுள்ள தேசிய நவீன கலைக்கூடத்தின் செல்வமாகும்.

அக்கூடம் 1954-இல் தொடங்கப்பெற்றது. சென்னையிலிருந்து வந்த விருந்தினரை அங்கு அழைத்துச் சென்றால் வாயிலருகிலேயே வியந்து நிற்பர். மெரீனாவில் கண்ட உழைப்பாளர் சிலையல்லவா இங்கும் நிற்கிறது! சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக நெடுங்காலம் விளங்கிய தேவி பிரசாத் ராய் சௌதுரியின் படைப்பு அது. சர்தார் படேல் சாலையில், காந்தியடிகள் முன்செல்லப் பதின்மர் பின்தொடரும் சிலைத்தொகுதியும் அவர் உருவாக்கியதே. அதனை நாம் நாள்தோறும் பேருந்திலிருந்து பார்த்தும் பாராமற் செல்கின்றோம்.

இனி, தேசிய அருங்காட்சியகம். அதன் பிறப்பே ஒரு கண்காட்சியால் நேர்ந்தது. 1947-48 குளிர்காலத்தில் லண்டனில் நடந்த இந்தியக் கலைக் கண்காட்சிக்காகப் பல இடங்களிலிருந்து சிற்பங்களும் ஓவியங்களும் திரட்டப்பெற்றன. அவை திரும்பி வந்தபோது தலைநகரிலும் காட்சிக்கு வைத்தனர். ஒருங்கே கண்டவற்றை மீண்டும் பிரிக்க மனமின்றி அருங்காட்சியகமாக்கினர். 1949 ஆகஸ்டு 15 அன்று அதனைத் திறந்துவைத்தவர் அந்நாள் கவர்னர் ஜெனரல் இராஜாஜி. ஜனபத் சாலைக் கட்டடம் 1960 டிசம்பரில் டாக்டர் இராதாகிருஷ்ணனால் திறக்கப்பெற்றது.

மொகஞ்சதாரோவின் நடனமங்கை அங்கே இருக்கிறாள். உயரம் ஒரு சாணுக்கும் குறைவு. ஆயினும் இடுப்பிற் கைவைத்து நிற்கும் மிடுக்கு எத்துணை! சோழர் செப்புத்திருமேனிகளும் அங்குள்ளன. அவற்றுள் புதுக்கோட்டைப் பகுதியைச் சார்ந்த திருவரங்குளத்து ஆடவல்லானை நம் பிள்ளைகள் அவசியம் காணவேண்டும். சிதம்பரத்தில் நாம் வணங்கும் தூக்கிய திருவடி இத்திருமேனியில் இல்லை. இரு முழங்கால்களும் வளைய ஆடும் சதுர தாண்டவம் இது. இவ்வேறுபாட்டை ஓர் அயல்நாட்டு விருந்தினர் வினவினால், தில்லியிற் பிறந்து வளர்ந்த நம் பிள்ளை என்ன விடை கூறும்? இந்தி தெரியும், ஆங்கிலம் தெரியும். சொல்லவேண்டிய செய்திதான் தெரியாது. இந்த அருங்காட்சியகத்திற்கே இயக்குநராயிருந்த தமிழறிஞர் சி. சிவராமமூர்த்தி நடராச வடிவம் பற்றிப் பெருநூல் எழுதினார். அவர் இனத்தார் வாயடைத்து நிற்பது நமக்கு வருத்தந் தருகின்றது.

கோயிலில் தீபம் பெறவேண்டிய திருமேனி கண்ணாடிப் பேழைக்குள் நிற்பதைக் கண்டு கலங்கும் முதியோரும் உளர். கைகூப்பி நிற்கும் அவர்களை விரைந்து நடக்கச் சொல்லாதீர்கள். அவர்கள் எழுப்பும் வினாவும் பிள்ளைகள் காதில் விழட்டும்.

ஆதலால் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள் வைக்கின்றோம். மாசி, பங்குனி ஞாயிற்றுக்கிழமைகளில் விருந்தினர்க்கென ஒரு நடைப்பயணம் அமைப்போம். நம் இளைஞர் ஒவ்வொருவரும் மூன்றே பொருள்களைப் பற்றி நன்கு கற்று, தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் விளக்கட்டும், முப்பது வேண்டா. காலை ஏழு மணிக்கு லோதி தோட்டம், வெயிலேறியபின் கலைக்கூடம். இரு காட்சிக்கூடங்களுக்கும் திங்கட்கிழமை விடுமுறையாதலின், ஞாயிறு தவறினால் செவ்வாய் வரை காத்திருக்க நேரும். பிள்ளைகளை அனுப்ப விரும்பும் பெற்றோர் இன்று விருந்துக்கு எழுமுன் செயலாளரிடம் பெயர் தரலாம்.