எண்ணெய் வற்றினால் பழைய கிராமம் திரும்புமா?

திருவேங்கடத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு

 

பூமியின் எண்ணெய் அற்றுப்போனால் சமுதாயம் என்னவாகும் என்பது நீங்கள் அறியாத வினா அன்று. என் சகாக்கள் அதற்கு அளித்துவரும் விடையும் புதிதன்று. தீர்ந்துபோகும் நிலக்கரியையும் எண்ணெயையும் நம்பிய பொருளாதாரம் போருக்கு வித்தாகும் என்று காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே. சி. குமரப்பா எச்சரித்ததை ஆதாரமாகக் கொண்டு, மோட்டார் ஓய்ந்தால் மாடு பூட்டி நீரிறைக்கும் கமலையும் மாட்டுவண்டியும் திரும்பும், அவற்றோடு பழைய கிராமத்தின் சமநிலையும் தானே திரும்பும் என்று அவர்கள் வாதிக்கிறார்கள். குமரப்பாவின் எச்சரிக்கை எனக்கு முழுச் சம்மதம். இவர்கள் அதிலிருந்து செய்யும் அனுமானம் சம்மதமன்று. திருவேங்கடம் உள்ள இக்கரிசற்சீமையில் கமலை ஓடிய காலத்தில் கிணறு யாருடையது, கூலிக்கு இறைத்தவர் யார் என்பதை மறந்தவர்க்கே அந்தச் சமநிலை கண்ணுக்குத் தெரியும்.

அனுமானம் வேண்டாம், பிரத்தியட்சமே இருக்கிறது. 1990 ஜூனில் இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு ரயில் நின்றது, மின்சாரம் நின்றது, பெட்ரோலும் டீசலும் பேட்டரியும் யூரியாவும் அரசின் தடைப்பட்டியலில் ஏறின, மண்ணெண்ணெய் மட்டும், அதுவும் அளவோடு, வந்தது. பனையும் கிணற்றுத் துலாவும் தோட்டப்பயிரும் பழகிய அந்த மண்ணில் திரும்பாத பழைய கிராமம் வேறெங்கும் திரும்பப் போவதில்லை. அங்குள்ளோர் செய்தது என்ன? பெட்ரோலைச் சில துளி ஊற்றி எஞ்சினைக் கிளப்பி, அது சூடேறியபின் மண்ணெண்ணெயைக் கொடுத்து, புகை கக்கக் கக்கப் பழைய மொரிஸ் மைனர் கார்களை ஓட்டினார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது என்ற பௌதிகத்தை ஊரே கற்றுக்கொண்டது. சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, மிதிகட்டையைக் கையால் சுழற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். ஜாம் போத்தலில் பஞ்சிட்டு, சிறிதே மண்ணெண்ணெய் வார்த்து, மெல்லிய திரியேற்றிய விளக்கின்முன் குனிந்திருந்து, தீவு முழுமைக்கும் பொதுவான உயர்தரப் பரீட்சைக்குப் பிள்ளைகள் படித்தார்கள். விறகையும் மூட்டையையும் நோயாளியையும் சைக்கிளிலேயே கொண்டு சென்றனர். சவர்க்காரம் அரிதானபோது பனம்பழத்தால் துணி வெளுத்ததும் உண்மையே. என் சகாக்களில் ஒருவர் இந்தப் பனம்பழத்தை மட்டும் பொறுக்கிக்கொண்டு மொரிஸ் மைனரைத் தெருவிலேயே விட்டுவிடுவது வழக்கம்.

மோட்டார் யுகத்தின் சாதனங்கள் பல போயின. காலக்கணக்கும் பரீட்சையும் பிரயாண ஆசையும் போகவில்லை. எஞ்சிய எண்ணெயோ ஆயுதம் தாங்கியோரையும் பணமுடையோரையும் முதலில் நாடிற்று. வெளிநாட்டு உறவினரின் பணம் வந்த வீட்டுக்கும் வராத வீட்டுக்கும் இடையே இருளிலும் பேதம் இருந்தது. சாதனம் குறைந்தால் சமத்துவம் பிறக்கும் என்பார் இதற்கு விடை கூற வேண்டும்.

யாழ்ப்பாணத்து முற்றுகை வேறு, எண்ணெய் வற்றுதல் வேறு என்று ஆட்சேபிப்பார்கள். எண்ணெய் ஒரே நாளில் வற்றாது. அவ்வற்றுதல் விலையாக ஏறி, கைப்பணமற்றவனை முதலில் வந்தடையும். அவனுக்கு அதுவே முற்றுகை.

இனிச் செய்ய வேண்டிய ஆராய்ச்சிகள் சில உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது நம் பஸ்கள் கரிவாயுவில் ஓடியதையும், 2022 ஜூலையில் இலங்கை க்யூஆர் குறியீட்டால் எரிபொருளைப் பங்கிட்டதையும் இதனோடு ஒப்பிட்டு ஆராய்வார் வேண்டும். இவ்வட்டாரத் தீப்பெட்டித் தொழிலில் குச்சிக்கு ஏற்றும் மெழுகும் பெட்ரோலியத்திலிருந்தே வருகிறது. அதற்குப் பிரதி என்ன என்பதை இளைஞர் எவரேனும் எடுத்துக்கொள்ளலாம். விறகு தேடுவதில் பெண்களின் பொழுது எவ்வளவு செல்லும் என்பது தனி ஆராய்ச்சி. கமலை இறைத்த முதியவர்களின் வாக்குமூலங்களை அவர்கள் இருக்கும்போதே பதிய வேண்டும்.