பாட்டின் இழைகள்



கோயில் திருவிழாவில் நாகசுரம் முழங்குகிறது. முன்னால் நின்று வாசிப்பவரை எல்லாரும் பார்க்கிறோம். தவில்காரரின் விரல்களைப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்க்கிறார்கள். ஆனால் பழைய மேளங்களில் ஓரமாக நின்று, தொடக்கமுதல் முடிவுவரை ஒரே ஒலியை ஊதிக்கொண்டிருந்த ஒருவரை யாரும் கவனித்ததில்லை. அவர் கையிலிருந்த குழலுக்கு ஒத்து என்று பெயர். இன்று நாம் பேசப்போவது பெரும்பாலும் அவரைப் பற்றித்தான்.

இசையின் அடிப்படைக் கூறுகளில் மூன்றைச் சட்டென்று சொல்லிவிடலாம். ஏறியும் இறங்கியும் செல்லும் மெட்டு ஒன்று. அதை அளந்து நடத்தும் லயம் மற்றொன்று. (நாம் பிறந்து வளர்ந்த லயத்தைச் சொல்லவில்லை, அது ‘லைன்’ என்ற ஆங்கிலச் சொல் நம் வாயில் மருவியது!) ஒரே மெட்டை வாசித்தாலும் இது புல்லாங்குழல், இது வீணை என்று காட்டிக்கொடுக்கும் ஒலியின் நிறம் மூன்றாவது. நான்காவதுதான் பலருக்கும் நழுவிப்போகிறது. ஆங்கிலத்தில் அதனை ‘டெக்ஸ்சர்’ என்பார்கள். துணியைத் தடவிப் பார்த்துச் சொல்கிற சொல் அது. ஒரே நேரத்தில் எத்தனை ஒலி இழைகள் ஓடுகின்றன, அவை எப்படிப் பின்னியிருக்கின்றன என்பதே அதன் பொருள். நாம் இழையமைப்பு என்று வைத்துக்கொள்வோம்.

ஆயாக் கொட்டகையில் தொட்டிலை ஆட்டிக்கொண்டே பாட்டி பாடிய தாலாட்டு ஒற்றை இழை. கும்மியில் ஒருத்தி பாட, பத்துப் பேர் திருப்பிப் பாடினாலும் மெட்டு ஒன்றுதான். இழை தடித்திருக்கிறது, அவ்வளவே. கைத்தட்டு சேர்ந்தால் தாளம் என்னும் இரண்டாம் இழை கிடைக்கிறது.

இனி ஒத்துக்கு வருவோம். நாகசுரத்தைப் போலவே சீவாளி பொருத்தி ஊதும் குழல் இது. ஆனால் மெட்டு வாசிக்க விரல் துளைகள் கிடையா. கீழ்ப்பக்கத் துளைகளை மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதி கூட்டுவார்கள். கன்னத்தில் அடக்கிய காற்றை வாயால் விட்டுக்கொண்டே மூக்கால் மூச்சை இழுத்து, ஒலி அறாமல் ஊதவேண்டும். எளிது என்று நினைப்பவர்கள் ஒரு கோப்பைத் தண்ணீரில் பப்பாளி இலைக் காம்பை வைத்து, குமிழி நிற்காமல் ஐந்து நிமிடம் ஊதிப் பாருங்கள்!

இத்தனை பாடுபட்டு ஒரே ஒலியை எதற்காக ஊதவேண்டும்? நாகசுரக்காரர் எவ்வளவு தூரம் போனாலும் அந்த ஒலியோடு ஒப்பிட்டுத்தான் நம் காது அவர் நிற்கும் இடத்தை அறிகிறது. பிற்காலத்தில் சுருதிப் பெட்டி வந்தது. பிறகு மின்சாரத்தில் இயங்கும் பெட்டியும் வந்தது. ஒத்து ஊதும் ஆட்கள் பெரும்பாலும் மறைந்துபோனார்கள். ஆள் போனாரே தவிர அந்த இழையை எடுக்க யாருக்கும் துணிவில்லை.

எங்கள் தோட்டப் பள்ளியில் ஒரு விழாவுக்குச் சேர்ந்திசை பழக்கினோம். சில பிள்ளைகளுக்கு ‘ஆ’ என்று ஒரே சுரத்தைப் பிடித்து நிற்கும் வேலை. “எம்புள்ளைக்குப் பாட்டே குடுக்கலியே, வாத்தியாரே! அவன் என்ன மக்கா?” என்று ஒரு தாய் வந்து கேட்டார். பால்மரக் காட்டிலிருந்து நேராக வந்திருந்தார். முகத்தில் வருத்தம் தெரிந்தது. வாயால் விளக்குவதைவிடக் காதுக்கே காட்டிவிடலாம் என்று அவரை உட்காரவைத்துப் பிள்ளைகளைப் பாடச் சொன்னோம். பாதியில் ‘ஆ’ பிடித்தவர்களை மட்டும் நிறுத்தினோம். மற்றவர்கள் நன்றாகத்தான் பாடினார்கள். ஆனால் மூன்றாம் அடிக்குள் குரல்கள் ஆளுக்கொரு பக்கம் இறங்கத் தொடங்கின. மறுபடி ‘ஆ’ சேர்ந்ததும் பாட்டு நிமிர்ந்தது. அந்தத் தாய் ஒன்றும் பேசவில்லை. போகும்போது மகனிடம், “சத்தமா புடிடா,” என்று மட்டும் சொன்னார்.

சினிமாப் பாட்டை மட்டமாகப் பேசும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. இழையமைப்பைக் கற்க அதைவிட அருகில் கிடைக்கும் பாடம் வேறு இல்லை என்பதே எங்கள் எண்ணம். 1976-இல் ‘அன்னக்கிளி’ படத்தின் மூலம் அறிமுகமான இளையராஜாவின் பாடல்களைக் கேளுங்கள். மேலே கிராமத்து மெட்டு போகும். கீழே கனத்த கிதார் தன் போக்கில் வேறொரு மெட்டாக நடக்கும். இடையில் வயலின்கள் பாடகருக்குப் பதில் சொல்லும். வெவ்வேறு சுரங்களை ஒரே நேரத்தில் இசைந்து ஒலிக்கச் செய்வதும், தனித்தனி மெட்டுகளை ஒன்றாகப் பின்னுவதும் மேற்கத்திய இசையின் வழக்கங்கள். அவர் 1986-இல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ என்ற கருவியிசைத் தொகுப்பில் இந்தப் பின்னலைப் பாடகர் குறுக்கிடாமல் கேட்கலாம்.

சிறிய வானொலிப் பெட்டியில் கனத்த இழைகள் அடங்கிப்போகும். பெட்டியைச் சுவரோரம் வைத்தால் சற்று எடுப்பாகக் கேட்கும். பிடித்த பாட்டு ஒன்றை மூன்று முறை கேளுங்கள். முதல்முறை பாடுகிறவரோடு போங்கள். இரண்டாம்முறை தாளத்தை மட்டும் தொடருங்கள். மூன்றாம்முறை பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, எல்லாவற்றுக்கும் அடியில் ஓடும் இழை எது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.